ஒல்லாந்தர் கோப்புகளும் இரு பாதிரியார்களும்

திருப்புறம், பாறசாலைப் பகுதியின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1741 குளச்சல் போரைக் கடந்து செல்ல இயலாது. அப்போரின் எதிர்த்தரப்புச் சான்றுகள் ஒரு வணிக நிறுவனத்தின் அலுவலகக் கோப்புகள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1795இல் கொச்சி ஆங்கிலேயர் வசமானபோது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோப்புகளும் கைமாறின. பின்னர் சென்னை வந்து சேர்ந்தன. ஆளும் அரசின் மொழியோ வேறு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வான் டெர் புர்க், குரூட் என்னும் இரு கத்தோலிக்கப் பாதிரியார்கள் அவற்றைப் படியெடுத்தனர். அத்தனையையும் மொழிபெயர்ப்பது இருவரால் ஆகிற காரியமன்று. எனவே 1908 முதல் டச்சு மூலமே அச்சேறியது. மொழிபெயர்ப்புக்கு, பதவி விலகும் தளபதி அடுத்து வருபவருக்கு எழுதிவைக்கும் ஒப்படைப்புக் குறிப்புகள் தெரிவாயின. கொல்லெனெஸ் 1743இல் எழுதியதும் மூன்ஸ் 1781இல் எழுதியதும், ஐ.சி.எஸ். அதிகாரி கல்லெட்டியும் சேர்ந்து உழைக்க, 1911இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன.

கூரிய தெரிவுதான்; ஒரே குறிப்பில் பல்லாண்டு நிர்வாகம் அடங்கிவிடுகிறது. ஆனால் கொல்லெனெஸ், குளச்சலில் கம்பெனி தோற்றபோது மலபாரின் தளபதியாக இருந்தவர். தம் தரப்பு நியாயத்தைத்தானே எழுதுவார்? கைக்கெட்டிய மொழிபெயர்ப்பையே மேற்கோள் காட்டிப் பழகிய நாம், கடிதங்களையும் ஆலோசனைக் குறிப்புகளையும் தேடிச் செல்வது குறைவு.

2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்ற கம்பெனி ஆவணங்களில் சென்னைத் தொகுதியும் ஒன்று. திருவனந்தபுரத்து மதிலகம் ஓலைகளை ஒரு கையிலும் எழும்பூர்க் கோப்புகளை மறுகையிலும் வைத்து வாசிக்க, டச்சும் வட்டெழுத்தும் கற்ற ஆய்வு மாணவர் வேண்டும்.