மண்ணுக்கு அடியில் மியூசியம்... லைட்டே போடாமல் மோனே ஓவியங்கள்! எங்க இருக்கு தெரியுமா?

அருங்காட்சியகம் என்றாலே தூரத்திலிருந்து தெரியும் பிரமாண்ட கட்டடம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜப்பானின் நவோஷிமா தீவில் உள்ள சிச்சூ மியூசியத்தைத் தேடினால், கட்டடமே சரியாகக் கண்ணில் படாது. பெரும்பகுதி மலைக்குள் புதைந்து இருக்கு. 'சிச்சூ' என்றால் 'மண்ணுக்குள்' என்றே அர்த்தம்.

ஏன் இப்படி? சுற்றியுள்ள கடல், மலையின் அழகு கெடக்கூடாது என்பதுதான் காரணம். இந்தத் தீவு அதைக் கேட்கும் நிலையில்தான் இருந்தது. வடக்குப் பகுதியில் 1917-லிருந்து தாமிர உருக்காலை இயங்கி வருகிறது. அதன் நச்சுப் புகையில் மலைகளே மொட்டையாகிப் போயின. அதே தீவின் தெற்கே, 2004-ல் திறக்கப்பட்டது இந்த மியூசியம். வடிவமைத்தவர் டடாவோ ஆண்டோ.

சரி, மண்ணுக்கு அடியில் வெளிச்சம் எப்படி? மேலே சதுரம், முக்கோணம் எனத் திறப்புகள் விட்டிருக்கிறார் ஆண்டோ. பிரெஞ்சு ஓவியர் கிளோத் மோனேவின் 5 அல்லி ஓவியங்கள் உள்ள அறையில் மின்விளக்கே கிடையாது, வெறும் பகல் வெளிச்சம்தான். வெளியே மேகம் மூடினால் உள்ளே ஓவியமும் மங்கும். காலையில் பார்த்த நீலம் மாலையில் அதே நீலமாக இருக்காது. மாறும் வெளிச்சத்தையே வாழ்நாளெல்லாம் வரைந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான அறை கிடைக்குமா என்ன!

தரை முழுக்க சின்னச் சின்ன வெள்ளைப் பளிங்குக் கற்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய முடியும். ஜேம்ஸ் டரல், வால்டர் டி மரியா ஆகியோரின் படைப்புகளும் இங்கே நிரந்தரமாக இருக்கு.

செல்ஃபி பிரியர்களுக்கு மட்டும் ஏமாற்றம்தான். உள்ளே போட்டோ எடுக்க அனுமதி இல்லை.