பசுவின் வழியே வந்த பூண்டு

புணே நகரின் வைதிகக் குடும்பங்களில் ஆஷாட மாதத்து வளர்பிறை நவமிக்குக் 'காந்தே நவமி' என்று பெயர். மராத்தியில் காந்தா என்றால் வெங்காயம். அன்று வெங்காயப் பண்டங்களை வயிறார உண்டு தீர்ப்பார்கள். இரண்டு நாள் கழித்து வரும் ஏகாதசியோடு சாதுர்மாசம் தொடங்கிவிடும். அதன்பின் நான்கு மாதங்களுக்கு வெங்காயமும் பூண்டும் கத்தரிக்காயும் அடுக்களைக்குள் வாரா. அந்நகரைச் சூழ்ந்த தக்காண மேட்டுநிலத்து உழவர்களுக்கோ, சோளத்திலோ கம்பிலோ தட்டிய பாக்ரியும், மிளகாயோடு சேர்த்து இடித்த பூண்டுச் சட்னியும் நாள்தோறும் உண்ணும் உணவு.

பூண்டின் நன்மைகளைப் பட்டியலிடும் எழுத்துகள் இந்தப் பிளவைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. ஆனால் பூண்டு மருந்தான வரலாற்றின் மையமே இதுதான். மனுஸ்மிருதியின் 5ஆம் அத்தியாயம் இருபிறப்பாளருக்குப் பூண்டை விலக்குகிறது. சரக சம்ஹிதையோ வாதம், குடற்புழு, தோல்நோய் ஆகியவற்றைப் போக்கும் பொருளாக அதைப் போற்றுகிறது. நோயாளி இருபிறப்பாளனாக இருந்தால் மருத்துவன் என்ன செய்வான்?

இதற்கு ஒரு விடை பவர் கையெழுத்துப் படியில் கிடைக்கிறது. ஹாமில்டன் பவர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1890இல் நடு ஆசியாவின் கூச்சாவில் விலைக்கு வாங்கிய பூர்ஜமரப் பட்டைச் சுவடி அது. ருடால்ஃப் ஹோர்ன்லே அதைப் பதிப்பித்தார். அதன் முதல் பகுதி பூண்டைப் பற்றிய செய்யுள்களோடுதான் தொடங்குகிறது. அசுர வேந்தன் அமுதத்தை உண்டான். திருமால் அவன் தலையை அறுத்தார். சிந்திய குருதித் துளிகள் பூண்டாயின என்று கதை. அசுரன் உடலோடு தொடர்புடையது என்பதால் அந்தணர் அதை உண்பதில்லை. ஆயினும் சுவடி அங்கே நின்றுவிடவில்லை. ஒரு பசுவை மூன்று இரவுகள் ஏறக்குறையப் புல்லின்றி வைத்திருந்து, பின்னர் இரு பங்கு புல்லுக்கு ஒரு பங்கு பூண்டுத் தாள் கலந்து ஊட்ட வேண்டும். அதன் பாலையும் தயிரையும் நெய்யையும் அந்தணர் உட்கொள்ளலாம். நோயும் தீரும், ஆசாரமும் கெடாது.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது மணம். காட்டுப்பூண்டு மேய்ந்த மாட்டின் பாலில் அதன் நெடி இறங்கும் என்பது பால் தொழிலில் பழகியவர்களுக்குத் தெரியும். மணமே தடையாக இருந்திருப்பின் அந்தப் பாலையும் விலக்கியிருக்க வேண்டும். விலக்கப்பட்டது நெடியன்று, நேரடித் தொடர்பு. பசு இடையில் நின்று அத்தொடர்பை அறுத்துக் கொடுத்தது. பௌத்த விநயத்தின் அணுகுமுறை வேறு: பிக்குணியருக்குப் பூண்டை விலக்கிய அந்நூல், பிக்குகளுக்கு நோயுற்ற காலத்தில் மட்டும் இசைவளித்தது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த ஃபாஹியான், மத்திய தேசத்தில் சண்டாளரைத் தவிர எவரும் வெங்காயமோ பூண்டோ உண்பதில்லை என்று குறித்தார். அவர் கூற்று மிகைதான். எனினும் பூண்டு யாருடைய உணவாகக் கருதப்பட்டது என்பதை அது ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறது. மேலோருக்கு அது வந்து சேர்ந்தபோது மருந்து என்ற பெயரோடு வந்தது. அன்றாடம் தின்றவர்களின் அறிவு நூல்களில் அவர்கள் பெயரால் பதிவாகவில்லை.

சொற்களிலும் இதே கதை தொடர்கிறது. வடமொழியில் லசுனம், ரசோனம் என இரு வடிவங்கள் உண்டு. மராத்தியின் 'லசூண்' முன்னதிலிருந்து வந்தது. ஆறு சுவைகளுள் புளிப்பு ஒன்று மட்டும் குறைவதால் ரச-ஊனம், அதுவே ரசோனம் என மருத்துவ நூலார் பொருள் விரிப்பர். பழைய சொல்லொன்றின் ஒலியைச் சற்றே திருத்திப் புதுப்பொருள் ஏற்றிய முயற்சியாகவே இது தோன்றுகிறது. இழிவாகப் பார்க்கப்பட்ட பண்டத்துக்குச் சாத்திரப் பிறப்பு ஒன்று தேவைப்பட்டிருக்கலாம். தென்மொழிகளுக்கு அந்தக் கவலை இல்லை. வெள்ளுள்ளி, வெளுத்துள்ளி, பெள்ளுள்ளி என நிறத்தைச் சொல்லி நிறுத்திக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் உள்ளி என்றாலே பூண்டு. கேரளத்தில் உள்ளி வெங்காயம். புல்பூண்டு என்ற தொடரில் எந்தச் செடிக்கும் பொதுவாக நிற்கும் 'பூண்டு', தமிழகத்தில் இந்த ஒன்றுக்கே உரிய பெயராகச் சுருங்கியது. புணேயின் தக்காணக் கல்லூரியில் 1948இல் தொடங்கிய வடமொழி வரலாற்றுப் பேரகராதி இன்னும் முதல் உயிரெழுத்தைத் தாண்டவில்லை. லசுனம் அங்கே தன் முறைக்காக நெடுங்காலம் காத்திருக்க வேண்டும்.

பாவமிசிரரின் 'பாவப்பிரகாசம்' அந்த ஐந்து சுவைகளையும் செடியின் உறுப்புகளுக்குப் பங்கிடுகிறது: வேரில் கார்ப்பு, இலையில் கைப்பு, தண்டில் துவர்ப்பு, தண்டு நுனியில் உவர்ப்பு, விதையில் இனிப்பு. பயிராகும் பூண்டு பொதுவாக விதை பிடிப்பதில்லை. பல்லை ஊன்றியே அது பெருகுகிறது. ஆகவே அந்நூல் சொல்லும் விதை, பூந்தண்டின் தலையில் தோன்றும் குறும்பற்களாக இருக்கலாம். கார்ப்பின் வேதியியல் 1944இல்தான் தெளிவடைந்தது. கவல்லிட்டோவும் பெய்லியும் அவ்வாண்டு அல்லிசினைப் பிரித்தெடுத்தனர். முழுப்பல்லில் அது இல்லை; நசுக்கும்போது அல்லினேஸ் என்னும் நொதி அல்லீனோடு கலந்து அதை உண்டாக்குகிறது. நசுக்காமல் வேகவைத்தால் நொதி முதலில் அழிந்துவிடும். பூண்டைப் பச்சையாக இடித்துச் சட்னி செய்தவர்கள் நொதியின் பெயரை அறியார். இடிப்பதால் கூடும் காரத்தை நாக்கால் அறிந்திருந்தனர்.

புணேக்கு வடக்கே, நாசிக் சாலையில், பழைய கேட் ஊரே இன்றைய ராஜகுருநகர். வெங்காயம் மற்றும் பூண்டு ஆராய்ச்சி இயக்ககம் அங்கே இயங்குகிறது. 1994இல் நாசிக்கில் தொடங்கி 1998இல் இவ்வூருக்கு இடம்பெயர்ந்த நிறுவனம் அது. விதை இல்லாப் பயிரில் ஒட்டுச்சேர்க்கை அரிது என்பதால், நல்ல செடியைத் தேர்ந்து அதன் பற்களையே பெருக்குவதுதான் அங்கும் முதன்மையான வழி. பீமா ஓம்கார், பீமா பர்ப்பிள் ஆகிய பூண்டு வகைகள் அந்நிறுவனம் வெளியிட்டவை. பல்லைப் பார்த்துப் பொறுக்கி அடுத்த பருவத்துக்கு எடுத்துவைப்பது உழவர் வீடுகளில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம்.