விளையாட்டும் எடுத்துரைப்பும்: ‘புளூயி’ சித்திரத்தொடர் பற்றிய ஒரு நோக்கு

குடும்ப வாழ்க்கையை நகைச்சுவைப் பொருளாகக் கொண்ட தொலைக்காட்சிச் சித்திரத்தொடர், 1960 செப்ரெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘பிளின்ற்ஸ்ரோன்ஸ்’ மூலம் தெளிவானதொரு வடிவத்தைப் பெற்றது. கற்கால மனிதரைக் காட்டுவதாகப் பாவனை செய்த அத்தொடர், உண்மையிற் போருக்குப் பிந்திய அமெரிக்கப் புறநகர்க் குடும்பத்தையே சித்திரித்தது. எங்கே சிரிக்கவேண்டுமென்பதைப் பதிவுசெய்யப்பட்ட சிரிப்பொலி உணர்த்திற்று. தொடக்க ஆண்டுகளில் வின்ஸ்ரன் சிகரெற் அதன் அனுசரணையாளராயிருந்ததும், பாத்திரங்களே விளம்பரத்திற் புகைபிடித்ததும் மனங்கொள்ளத்தக்கன. ஆரவாரமும் அறியாமையும் நிறைந்த குடும்பத்தலைவனை நகைப்புக்குரியவனாக்கும் அவ்வுத்தி, 1989இல் தனித்தொடராக வெளிவந்த ‘சிம்சன்ஸ்’ வரை தொடர்ந்தது.

இம்மரபிலிருந்து விலகி நிற்பது, 2018 ஒக்ரோபர் 1ஆந் திகதி அவுஸ்திரேலியப் பொதுத்துறை ஒளிபரப்பிலே தொடங்கிய ‘புளூயி’. இதனை உருவாக்கியவர் ஜோ பிறம். தயாரித்தது பிறிஸ்பேன் நகரத்து லூடோ நிறுவனம். பிறம் முன்னர் லண்டனில் ‘சாளி அன்ட் லோலா’ தொடரிற் பணியாற்றியவர். ஆறு வயதுப் புளூயி, நான்கு வயதுத் தங்கை பிங்கோ, தந்தை பண்டிற், தாய் சில்லி என்னும் நாய்க் குடும்பமொன்றின் கதைகள் இவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழு நிமிடம் நீள்வது.

இத்தொடரில் விளையாட்டு கதையிடையே வரும் ஓர் இடைநிகழ்ச்சியன்று. அதன் விதிகளே கதையின் விதிகளாகின்றன. முதற் கதையில், ‘மந்திர’ சைலபோனை ஒலித்தால் தந்தை அசைவற்று நின்றுவிடவேண்டும். நின்றுவிடுகிறார். வீட்டின் அதிகார ஒழுங்கு ஒரு கணத்திலே தலைகீழாகின்றது. ஆயின் திரையில் மந்திரம் எதுவும் நிகழ்வதில்லை. விளையாட்டுச் சாமானும் அசையாது நிற்கும் தந்தையுமே காட்டப்படுகின்றனர். 1984இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மப்பெற் பேபீஸ்’ தொடரில் குழந்தைகள் கற்பனை செய்வதெல்லாம் உடனே காட்சியாக விரியும். ‘புளூயி’ பெரும்பாலும் அதனைச் செய்ய மறுக்கின்றது. அதன் கலைவெற்றிக்குத் தலையாய காரணம் இம்மறுப்பே என்பது எமது கருத்து.

சோவியத் உளவியலாளர் வைகொற்ஸ்கி 1933இல் லெனின்கிராட்டில் நிகழ்த்தி, 1966இலேயே அச்சேறிய விரிவுரையொன்று இங்குத் துணைசெய்யும். குழந்தை ஒரு கோலைக் குதிரையாக்கும்போது, பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகின்றது என்றார் அவர். விளையாட்டு விதியற்ற சுதந்திரமன்று, குழந்தை விரும்பி ஏற்கும் விதி என்பதற்கு, சகோதரிகளாயிருந்தும் ‘சகோதரிகள்’ விளையாட்டு ஆடிய இரு சிறுமியரை அவர் எடுத்துக்காட்டுவார். திரை குதிரையை வரைந்துவிட்டால் கோல் மறைந்துவிடும். பார்க்கும் குழந்தைக்குச் செய்வதற்கு எதுவும் எஞ்சாது.

கோல் மறையாமையால் வேறொன்றும் புலனாகின்றது: பெற்றோரின் உழைப்பு. களைத்துப்போய்க் கிடக்கும் தாய் தந்தையர்மீது குழந்தைகள் மலையேறும் கதையொன்றுண்டு. அங்கே மலை வரையப்பட்டிருந்தால் களைப்பு மறைந்திருக்கும். வீட்டுக்குள்ளே நிகழும் ஊதியமற்ற உழைப்பை நகைச்சுவையினூடாக இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய குழந்தைத் தொடர்கள் மிகச் சிலவே.

துயரமும் இவ்வழியாகவே வருகின்றது. காயப்பட்ட சிறு கிளியொன்று மருத்துவரிடம் கொண்டுசெல்லப்பட்டும் இறந்துவிடுகின்றது. வீடு திரும்பிய புளூயி, அழாமல், நடந்ததையே மீண்டும் விளையாட முனைகின்றாள், பிங்கோ கிளியாகின்றாள். மரணம்பற்றிய போதனை எதனையும் இங்கு நாம் கேட்பதில்லை. மறுநடிப்பே விளக்கமாகின்றது. நாடகத்தின் தோற்றத்தைச் சடங்கிலே தேடுவோர்க்கு இக்காட்சி தனித்த ஆர்வமூட்டக்கூடும். பிங்கோ இரவு முழுவதும் தன் கட்டிலில் உறங்க முயலும் 2020ஆம் ஆண்டுக் கதை, ஹோல்ஸ்ரின் ‘வியாழன்’ இசையோடு விண்வெளியிற் சஞ்சரிக்கின்றது. அது கனவாதலின், அங்கே மட்டும் கற்பனை காட்சியாவது பொருத்தமே.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. விளையாடுவதற்கான நேரம் எங்கிருந்து வருகின்றது? தந்தை தொல்லியலாளர்; தாய் விமானநிலையப் பாதுகாப்பிற் பணியாற்றுபவர். ஆயினும் அவர்தம் ஊதிய உழைப்பு பெரும்பாலும் திரைக்கு வெளியிலேயே நிகழ்கின்றது. வாராந்தம் ஆறு நாள் வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகளுக்கு இத்தகைய பகற்பொழுதுகள் வாய்ப்பதில்லை. 2024 ஏப்பிரலில் வெளியான 28 நிமிடக் கதையிலே பொருளியல் நேரடியாக நுழைகின்றது. தந்தைக்கு வேறு நகரில் கூடுதல் ஊதியத்துடன் வேலை. வீடு விற்பனைக்கு வருகின்றது. இதனை எந்த விளையாட்டாலும் தீர்க்கமுடியாது. நீச்சற்குளமுள்ள வேறொரு வீட்டைக் கண்டுகொண்டதால் வாங்கவந்தோர் விலகிவிட, தந்தை விற்பனைப் பலகையைப் பிடுங்கி எறிகின்றார். ஏனைய கதைகளில் விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கும் இத்தொடர், வீட்டுச் சந்தையை எதிர்கொண்ட இவ்விடத்தில் மட்டும் தற்செயலைத் துணைக்கு அழைக்க நேர்ந்தது.