சம்பளமில்லாத பேராசிரியை



1963ஆம் ஆண்டு பௌதிகவியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது, கலிபோர்ணியாவின் சன் டியாகோ நகரப் பத்திரிகையொன்று 'நமது நகரத் தாய்க்கு நோபல் பரிசு' என்ற பொருள்படத் தலைப்பிட்டது. அந்தத் தாய் மரியா கோப்பர்ட் மேயர்.

1906இல் ஜேர்மனியில் பிறந்த மரியாவின் தந்தை, குழந்தை மருத்துவப் பேராசிரியர். வளர்ந்ததும் வெறும் இல்லத்தரசியாக இருந்துவிடாதே என்பது அவர் மகளுக்குச் சொன்ன புத்திமதி. 1930இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற மரியா, அதே ஆண்டில் அமெரிக்க இரசாயனவியலாளரான ஜோசப் மேயரை மணந்து பால்ட்டிமோர் சென்றார்.

கணவருக்கு ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பதவி இருந்தது. கணவன், மனைவி இருவரையும் ஒரே நிறுவனத்தில் நியமிப்பதில்லை என்ற விதி மரியாவுக்குக் குறுக்கே நின்றது. ஜேர்மன் மொழிக் கடிதங்களைக் கவனிக்கும் சிறிய உதவியாளர் வேலையும், இருந்து ஆராய ஓர் இடமுமே அவருக்குக் கிடைத்தன. 1933இல் மகளும் 1938இல் மகனும் பிறந்தார்கள். கணவருடன் சேர்ந்தெழுதிய புள்ளிவிபரப் பொறியியல் நூல் 1940இல் வெளிவந்தது. தொட்டிலும் எழுதுமேசையும் ஒரே வீட்டில் இருந்த காலம் அது.

1939இல் குடும்பம் கொலம்பியாவுக்கு மாறியது. அங்கும் சம்பளமில்லை. 1946இல் சிக்காகோ பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்தது, அதுவும் ஊதியமற்றது. ஆர்கோன் ஆய்வுகூடத்துப் பகுதிநேர வேலைதான் அவருக்கு வருமானம் தந்தது.

அந்த நிலையிலேதான் அவர் அணுக்கருவின் புதிரை அவிழ்த்தார். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் புரோத்தன்களோ நியூத்திரன்களோ உள்ள அணுக்கருக்கள் ஏன் அசாதாரண உறுதியுடன் இருக்கின்றன? துணிக்கையின் சுழற்சியும் அதன் சுற்றோட்டமும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம் என்று அவர் கண்டார். மண்டபத்தைச் சுற்றிவரும் நடன ஜோடிகள் தாமும் சுழல்வதை இதற்கு உவமையாகச் சொல்வார். ஜேர்மனியில் யென்சனும் அவரது சகாக்களும் தனித்து இதே முடிவுக்கு வந்திருந்தனர். 1963இல் பரிசின் பாதி விக்னருக்குச் சென்றது. மற்றப் பாதியை மரியாவும் யென்சனும் பகிர்ந்துகொண்டனர்.

முழுநேரச் சம்பளத்துடன் பேராசிரியர் பதவி அவருக்கு 1960இல்தான், சன் டியாகோவில் கிடைத்தது. கலாநிதிப் பட்டம் பெற்று முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. 1972இல் அவர் காலமானார். பௌதிகவியலில் மேரி கியூரிக்குப் பின் நோபல் பரிசு பெற்ற இரண்டாவது பெண் அவரே. மூன்றாமவர் வரும்வரை உலகம் 2018 மட்டும் காத்திருந்தது.

நேயர்களே, பிள்ளை வளர்ப்பு பெண்ணின் படிப்பைத் தடுத்துவிடும் என்று இன்றும் நம்மிடையே பேசுவோர் உண்டு. மரியாவின் வரலாற்றைப் பாருங்கள். பிள்ளைகள் இருவரும் வளர்ந்தார்கள், ஆராய்ச்சியும் வளர்ந்தது. முப்பது ஆண்டுகள் அவரை வாசலில் நிறுத்தியது அலுவலக விதியொன்றும், சம்பளமில்லாமலும் இவர் வேலை செய்வார் என்ற நிர்வாகங்களின் எண்ணமுமே. அந்தப் பத்திரிகையின் தலைப்பில் 'தாய்' என்ற சொல் பொய்யல்ல. அதன் பக்கத்தில் 'பேராசிரியை' என்ற சொல்லும் இருந்திருக்க வேண்டும்.