கொட்டானுக்கு விலை உண்டு, கிலுகிலுப்பைக்கு?

ஆட்டுத் தலை, யானை உடம்பு! இப்படி ஒரு மிருகத்தைச் சொன்னால் எந்தக் குழந்தையும் உடனே பேப்பரும் கலர் பென்சிலும் தேடும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊருக்குப் பெயரே இப்படித்தான் வந்தது என்கிறார்கள். ஆடும் ஆனையும் சேர்ந்து ஆடானை, அதுவே திருவாடானை. துர்வாச முனிவரின் சாபத்தால் வருணனின் மகனுக்கு அந்த உருவம் வந்ததாகவும், இங்கே ஆதிரத்தினேசுவரரை வழிபட்டுச் சாபம் நீங்கியதாகவும் தலபுராணம் சொல்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம்.

ஆனால் இந்தக் கட்டுரை கோயிலைப் பற்றியது அல்ல. அந்தக் கோபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் குழந்தைகள் கையில் கிடந்த பொருள்களைப் பற்றியது. "கிரியேட்டிவ் டிசைன்", "ஸ்டைலான வீடு" என்றெல்லாம் இன்று பெரிய கடைகளில் போர்டு வைக்கிறார்கள். குழந்தைகள் அறைக்கென்று தனி ஃபர்னிச்சர், தனி கலர், தனி விலை... ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் குழந்தைக்கு வேண்டிய பாதிப் பொருள், காசே இல்லாமல், ஒரே மரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பனை மரம்.

திருவாடானைப் பக்கம் நெல் விளையும் ஊர்தான். மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று கூடப் பெயர். ஆனால் வற்றாத ஆறு கிடையாது. மழை பெய்து கண்மாய் நிறைந்தால்தான் நெல். பக்கத்து இராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். அவ்வளவு பெரிய கண்மாயும் வானம் பார்த்ததுதான். மழை ஏமாற்றிய வருடத்திலும் ஏமாற்றாமல் நின்றது கண்மாய்க் கரைப் பனை. கூரைக்கு ஓலை, அடுப்புக்கு மட்டை, கட்டுவதற்கு நார், தின்ன நுங்கும் கிழங்கும், காய்ச்சக் கருப்பட்டி, வீட்டுக்கு உத்தரம். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தெரியாத கதை, இதிலெல்லாம் மிஞ்சியது எங்கே போனது என்பது. குழந்தைகளிடம் போனது!

முதலில் கிலுகிலுப்பை. நாலைந்து ஓலைக் கீற்றை மடித்து மடித்து ஒரு சின்னப் பெட்டி போலப் பின்னி, மூடுவதற்கு முன் உள்ளே சிறு கல்லோ புளியங்கொட்டையோ போட்டுவிடுவார்கள். பின்னல் முடியும்போது மிஞ்சும் ஓலையே கைப்பிடி. ஆணி கிடையாது, பசை கிடையாது, பெயின்ட் கிடையாது. கைக்குழந்தை தூக்கும் அளவுக்கு எடை குறைவு. முகத்தில் போட்டுக்கொண்டாலும் அடிபடாது.

அடுத்து ஓலைக் காத்தாடி. ஒரு சாண் ஓலை, நடுவில் ஒரு கருவேல முள், பிடிக்க ஒரு குச்சி. பார்க்க எளிது. செய்து பார்த்தால்தான் தெரியும்... முள் இறுகினால் சுற்றாது, தளர்ந்தால் கழன்று ஓடிவிடும். ஓலையின் இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கவில்லை என்றால் எவ்வளவு ஓடினாலும் நகராது. பிசிக்ஸ் புத்தகத்தில் ஒரு பாடமாக வருவதை ஐந்து வயதுப் பிள்ளை தெருவில் ஓடியே கற்றுக்கொண்டது.

நுங்கு வண்டி பற்றிச் சொல்லவே வேண்டாம். தின்று முடித்த இரண்டு நுங்குக் காய், நடுவில் அச்சாக ஒரு குச்சி, அச்சின் மேல் உட்காரும் ஒரு கவட்டைக் கம்பு. அவ்வளவுதான் வண்டி. கம்பைச் சாய்த்தால் திரும்பும். காய் பச்சையாக இருக்கும்வரை ஓடும், காய்ந்து சுருங்கினால் குச்சி ஆடும், அப்புறம் புதிதாக ஒன்று. இதுபோக, காய்ந்த பனை மட்டையில் ஒரு பிள்ளை உட்கார, இன்னொரு பிள்ளை இழுத்துக்கொண்டு ஓடும் சவாரி தனி. (அதில் டிரவுசர் கிழிந்து வீட்டில் அடி வாங்கியவர்கள் மாவட்டம் முழுக்க இருப்பார்கள்!)

குழந்தைப் பொருளுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டச்சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. சங்கப் பாடல்களில் பிள்ளைகள் உருட்டும் சிறுதேர் வருகிறது. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை ஒரு குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கிறது. ஆண்பாலுக்குரிய கடைசி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மணல் வீடு, சின்னப் பறை, சின்னத் தேர்! அதாவது குழந்தை எதை வைத்து விளையாடுகிறது என்பதை வைத்தே அதன் வயதைச் சொல்லிவிட்டார்கள். நுங்கு வண்டியைச் சிறுதேரின் ஏழைத் தம்பி என்று சொன்னால் தப்பில்லை.

இப்போது திருவாடானையிலிருந்து வடக்கே கொஞ்சம் போகலாம். தேவகோட்டை, அதைத் தாண்டினால் காரைக்குடி. இன்று அது சிவகங்கை மாவட்டம். ஆனால் 1985 வரை இரண்டும் ஒரே இராமநாதபுரம் மாவட்டம்தான். மண்ணும் அதே வானம் பார்த்த மண், மரமும் அதே பனை. வித்தியாசம் பணத்தில் இருந்தது. நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் தொழிலுக்குப் போய்ச் சம்பாதித்து, செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு அரண்மனை போல வீடு கட்டினார்கள். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு எல்லாம் வந்து இறங்கிய அந்த வீடுகளுக்குள், உள்ளூர்ப் பனை ஓலையும் ராஜ மரியாதையோடு இருந்தது. அதுதான் கொட்டான்.

கொட்டான் என்றால் ஓலைக் கூடை. ஆனால் சந்தைக்குப் போகும் கூடை அல்ல. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, சாயத் தண்ணீரில் கொதிக்கவிட்டுச் சிவப்பு, பச்சை, ஊதா என்று நிறம் ஏற்றுவார்கள். பின்னும் முன் மறுபடி நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஓலை ஒடியும். அடி சதுரமாகத் தொடங்கும். மேலே வர வர மூலை கரைந்து வாய் வட்டமாக முடியும். விளிம்புக்கு ஆச்சிமார்கள் குரோஷா நூலும் பாசிமணியும் வைத்து வேலை செய்வார்கள். கல்யாணத்தில் சீர் வைக்கக் கொட்டான், பூ வைக்கக் கொட்டான், விருந்தாளிக்குக் கொடுத்தனுப்பக் கொட்டான். மகள் பிறந்த நாளிலிருந்தே அவள் கல்யாணத்துக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கும் வழக்கம் உள்ள வீடுகள் அவை. அப்படிச் சேர்ந்த பொருள்களில் கடையில் வாங்காமல் வீட்டுப் பெண்கள் கையாலேயே செய்தது இது.

ஒரு சின்ன ஒப்பீடு. செட்டிநாட்டு வீடுகள் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஜெர்மனியில் 1919-இல் பௌஹவுஸ் என்ற டிசைன் கல்லூரி தொடங்கியது. உலகம் முழுவதும் இன்று "மாடர்ன் டிசைன்" என்று சொல்வதற்கு ஆரம்பம் அங்கேதான் என்பார்கள். அங்கே பெண்களை நெசவுப் பிரிவுக்கே தள்ளுவது வழக்கம். ஆல்மா சீட்ஹாஃப்-புஷர் என்ற மாணவி அதிலிருந்து மரவேலைப் பிரிவுக்கு மாறி, 1923-இல் வைமார் நகரில் ஒரு மாதிரி வீட்டுக்குக் குழந்தைகள் அறை செய்தார். அலமாரியின் பெட்டிகளை வெளியே எடுத்தால் பிள்ளைகளுக்கு வண்டியாகும், மேசையாகும். அதன் கதவைத் திறந்தால் பொம்மலாட்ட மேடை. அவர் செய்த மரக்கட்டை விளையாட்டுப் பொருள்கள் பின்னாளில் ஸ்விட்சர்லாந்து கம்பெனி வழியாக மறுபடி கடைக்கு வந்தன. ஒரு பொருளைக் குழந்தை நாலு விதமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற அந்த எண்ணம் மிகப் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் தின்ற நுங்கு வண்டியாவதும் மட்டை சவாரியாவதும் அதே எண்ணம்தானே? அவருக்குப் பெயர் இருக்கிறது, மியூசியம் இருக்கிறது. இங்கே கிலுகிலுப்பையை முதலில் பின்னிய பாட்டிக்குப் பெயர் இல்லை.

1958-இல் சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க டிசைனர் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதில் அவர்கள் வியந்து எழுதிய பொருள் கோயிலும் அல்ல, தாஜ்மகாலும் அல்ல. வீட்டில் தண்ணீர் எடுக்கும் செம்பு! அதன் வடிவத்தைத் தனி ஒருவர் செய்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு வந்தது என்பது அவர்கள் பார்வை. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

அதே காலத்திலிருந்து வீட்டுக்குள் வேறொன்றும் வந்தது. பிளாஸ்டிக். வாளி, குடம், டப்பா, பொம்மை. 70, 80-களில் ஒயர் கூடை. இதில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? ஒயர் கூடையும் பின்னல்தான். ஓலை பின்னிய கை அப்படியே பிளாஸ்டிக் ஒயருக்கு மாறியது. ஆக, கைவேலை மறக்கவில்லை, பொருள் மாறியது. அந்த ஒயர் கூடையும் அப்புறம் கேரி பேக் வந்ததும் மூலைக்குப் போனது.

கொட்டானும் கிட்டத்தட்ட முடிந்த கதையாகத்தான் இருந்தது. பின்னத் தெரிந்த ஆச்சிமார்கள் குறைந்துபோனார்கள். 2000-த்தின் தொடக்க ஆண்டுகளில் விசாலாட்சி ராமசாமி நடத்தும் அறக்கட்டளை ஒன்று, எஞ்சியிருந்தவர்களிடமிருந்து பின்னலைக் கற்று, காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பழைய கொட்டானை வைத்துப் பழைய டிசைனை மீட்டார்கள். யுனெஸ்கோவின் தரச்சான்று கிடைத்தது. 2013-இல் செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் வந்தது. இன்று கல்யாணத் தாம்பூலத்துக்குப் பிளாஸ்டிக் பைக்குப் பதில் கொட்டான் கொடுப்பது ஸ்டைல்! நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு அதில் கூலி வருகிறது.

ஆனால் கிலுகிலுப்பை? காத்தாடி? ஒரே ஓலை, ஒரே பின்னல். ஒன்று பிழைத்தது, இன்னொன்று ஏன் பிழைக்கவில்லை?

காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்கில் பை-புராடக்ட் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு பொருளைச் செய்யும்போது கூடவே, தனிச் செலவில்லாமல் கிடைக்கும் இன்னொரு பொருள். பருத்தியில் கிடைக்கும் கொட்டை மாதிரி. குழந்தைகளின் பனைப் பொருள் அத்தனையும் பை-புராடக்ட். கூரைக்கு ஓலை வெட்டினார்கள், அதில் ஒரு கீற்று காத்தாடியானது. நுங்கு வெட்டினார்கள், மிச்சம் வண்டியானது. தாத்தா பெட்டி முடைந்தார், ஓரத்தில் கிழிந்த ஓலை கிலுகிலுப்பையானது. பிறகு கூரை ஓடாகி, கான்கிரீட் ஆனது. கருப்பட்டி இடத்தைச் சீனி பிடித்தது. அடுப்புக்கு கேஸ் வந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை. பனை ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். முதன்மைப் பொருள் ஒவ்வொன்றாக நின்றபோது, பை-புராடக்டை யாரும் நிறுத்தவில்லை. அது தானாக நின்றது. கணக்கில் வராத பொருள் போனால் கணக்கில் நஷ்டமும் தெரியாது.

கொட்டானுக்கோ கல்யாணம் என்ற ஒரு நாள் இருந்தது, கொடுக்க வாங்க ஆள் இருந்தது, விலை போட ஒரு காரணம் இருந்தது. ஓலையை வேறு ஊரிலிருந்து காசு கொடுத்து வாங்கியும் பின்னலாம். ஒரு பிற்பகல் மட்டும் வாழும் காத்தாடியை யார் எங்கே விற்பது? விற்றாலும் அது பழைய காத்தாடி ஆகாது. கடைக்காரர் கொடுத்த காத்தாடியில் முள் கழன்றால் குழந்தை இன்னொன்று கேட்கும். தாத்தா செய்த காத்தாடியில் முள் கழன்றால் குழந்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படிச் சொருகுகிறார் என்று பார்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். வெளிநாட்டுப் பொம்மைகள் மீதான இறக்குமதி வரியை மத்திய அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் பதிவு செய்த கைவினைக் கலைஞர்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு உண்டு. அதாவது ஓலைக் கிலுகிலுப்பையை விற்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. கைவினைஞர் அட்டை ஒன்று இருந்தால் போதும். 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை மாநில அரசு தடை செய்ததும், 2021-இல் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்ததும் இதற்குச் சாதகம்தான். மரம் நிற்கும். ஏறி ஓலை வெட்டிப் போட ஆள் வேண்டுமே!

வெயில் காலத்தில் தொண்டி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நுங்கு விற்பார்கள். கார்கள் நிற்கும், வாங்கித் தின்பார்கள், கிளம்புவார்கள். வெட்டிப்போட்ட காய்கள் சாலையோரம் குவிந்து கிடக்கும். அதில் ஒரே அளவில் இரண்டைப் பொறுக்கி, நடுவில் சொருக ஒரு குச்சி தேட, காரிலிருந்து இறங்கிய பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அப்பா ஹாரன் அடிக்காமல் இருக்க வேண்டும்.