பாவக் கணக்கும் குற்றக் கணக்கும்

(ஆலங்குளம் பட்டிமன்றம். தலைப்பு: வேதத்தை வாசிக்கும்போது முன்னே நிற்க வேண்டியது கட்டளையா, கருணையா? ‘கருணையே’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எங்கள் அணியின் தொண்டையை வற்ற வைத்துவிட்டு, இப்போது சாவகாசமாக சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி ஐயா அவர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, பிள்ளைகளே!

இந்த ஊருக்கு வந்து சேர்வதற்குள் நான் ஒரு பாடு பட்டுவிட்டேன் நடுவர் அவர்களே. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டுல நின்னு, “ஆலங்குளம் போகுமா?”ன்னு கேட்டேன். “ஏறுங்க சார்”னாரு கண்டக்டர். ஏறி உட்கார்ந்தாச்சு. பக்கத்து சீட்டு அம்மா சும்மா இருக்காம, “எந்த ஆலங்குளம்? தென்காசிப் பக்கமா, ராஜபாளையம் பக்கமா?”ன்னு கேட்டாங்க. “சிமெண்ட் ஆலை இருக்கிற ஆலங்குளம்மா”ன்னேன். “அட கடவுளே, இது அங்க போகாது, எறங்குங்க எறங்குங்க”ன்னு அவங்களே பையைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க. (சிரிப்பு)

பெயர் ஒன்று, ஊர் இரண்டு. பெயரை மட்டும் பார்த்து ஏறினால் வேறு ஊரில் இறங்க வேண்டியதுதான். இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயத்திலும் பாதி இதுதான்.

எதிரணி ஐயா ஒரு கூர்மையான கேள்வி போட்டார். “ஆணை ஆண் விரும்புவதும், பெண்ணைப் பெண் விரும்புவதும் கூடாது என்று வேதத்தில் இருக்கிறதா, இல்லையா? லேவியராகமம் 18-ல் இருக்கிறது. 20-ல் இருக்கிறது. ரோமருக்கு எழுதிய நிருபம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. ஆமா, இல்லை என்று பதில் சொல்லுங்கள்” என்றார்.

ஆமாம் ஐயா, அந்த வசனங்கள் இருக்கின்றன. ஒரு தாளையும் கிழிக்க நான் வரவில்லை. அந்த வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு மனிதன் என்னென்ன செய்தான் என்கிற வரலாற்றைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். லேவியராகமம் 20 மரண தண்டனை சொல்கிறது. இந்த மேடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. உபாகமம் 21-ல், சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையையும் கல்லெறிந்து கொல்லச் சொல்லியிருக்கிறது. எதிரணி ஐயாவுக்கு ரெண்டு பையன்கள். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! (கைதட்டல்) அவர் கட்டளையை மீறிவிட்டாரா? இல்லை. கருணையோடு வாசித்திருக்கிறார். எங்கள் அணிக்கு அவர்தான் முதல் சாட்சி.

சோதோம் பட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 19. அந்த ஊர் எரிந்தது எதனால் என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்லுவோம். ஆனால் எசேக்கியேல் 16-க்குப் போனால், அந்தத் தீர்க்கதரிசி வேறு ஒரு பட்டியலைத்தான் முதலில் வாசிக்கிறார். பெருமை, வயிறு நிறைந்த திமிர், சோம்பல், ஏழைக்குக் கை கொடுக்காத குணம். 1955-ல் டெரிக் ஷெர்வின் பெய்லி என்ற ஆங்கிலேயப் பாதிரியார், வந்த விருந்தாளியைக் கொடுமைப்படுத்தியதுதான் சோதோமின் பாவம் என்று ஒரு புத்தகமே எழுதினார். “அப்படியானால் யூதாவின் நிருபத்தில் உடல் இச்சையைத்தானே சொல்லியிருக்கிறது?” என்று மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான். ஒரே புத்தகம், ஒரே ஊர், படித்தவர்களுக்குள்ளேயே இரண்டு வழக்கு!

அடுத்து நம்ம பக்கத்துக் கதைக்கு வருகிறேன். 1854-ல் ராக்லண்ட் என்ற மிஷனரியும் அவருடைய தோழர்களும் இந்த வடதிருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து வேதம் சொன்னார்கள். 1858-ல் சிவகாசியிலேயே ராக்லண்ட் இறந்துபோனார். அதற்குப் பிறகு ஹென்றி பவர் என்பவர் முன்நின்ற குழு தமிழ் வேதாகமத்தைத் திருத்தி, 1871-ல் முழு நூலாக வெளிவந்தது. நம்ம பாட்டிமார் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசித்தது அந்த மொழிபெயர்ப்புதான்.

அதில் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 6-ம் அதிகாரத்தில், பரலோக ராஜ்யத்தில் பங்கில்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. மூலம் கிரேக்கம். அதில் ‘மலாக்கோய்’ என்று ஒரு சொல். நேரான அர்த்தம், மென்மையானவர்கள். மத்தேயு 11-ல் மெல்லிய துணி உடுத்தியவனைப் பற்றிச் சொல்லும்போதும் இதே சொல்தான் வருகிறது. இதை 1611-ன் ஆங்கில வேதாகமம், பெண் தன்மை கொண்ட ஆண்கள் என்ற அர்த்தத்தில் போட்டது. நம் தமிழ் வேதாகமம் ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்று போட்டது. 1946-ல் அமெரிக்காவில் வந்த ஆங்கிலப் புதிய ஏற்பாடு, இதையும் பக்கத்துச் சொல்லையும் ஒன்றாகச் சேர்த்து, தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் என்று எழுதியது. 1971-ல் அவர்களே அதையும் மாற்றினார்கள்.

பாத்தீங்களா நடுவர் அவர்களே? பவுல் எழுதியது ஒரே சொல். இங்கிலாந்தில் ஒருவன் நடுங்கினான். அமெரிக்காவில் வேறொருவன் நடுங்கினான். நம்ம ஊரில், அவர்கள் இருவருக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நடுங்கினான். ஆலங்குளம் பஸ் கதைதான்! (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணி ஐயா எழுந்திருக்கப் பார்க்கிறார். “பக்கத்துச் சொல் தெளிவாக இருக்கிறதே” என்பார். உண்மைதான். ‘ஆண்’, ‘படுக்கை’ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்த சொல் அது. லேவியராகமத்தின் கிரேக்க வாசகத்திலிருந்து பவுல் அதை அமைத்திருப்பார் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. பணத்துக்கும் பலாத்காரத்துக்கும் ஆளாக்குபவர்களைத்தான் அது குறிக்கிறது என்பவர்களும் உண்டு. இந்த வழக்கு இன்றைக்கும் முடியவில்லை. முடியாத வழக்கில், அதற்குள் தண்டனை கொடுத்து முடித்துவிட்டோமே, அதைத்தான் கேட்கிறேன்.

தண்டனை எங்கிருந்து வந்தது? நம்ம தாத்தாக்கள் எழுதியதா? இல்லை. இங்கிலாந்தில் இதுமாதிரி விஷயமெல்லாம் முதலில் சபையின் நீதிமன்றத்தில்தான் இருந்தது. 1533-ல் எட்டாம் ஹென்றி அதைப் பிடுங்கி அரசாங்கச் சட்டமாக்கி, தூக்குத் தண்டனை வைத்தார். எட்டாம் ஹென்றி யார்? ஆறு கல்யாணம் செய்து, ரெண்டு பெண்டாட்டி தலையை வெட்டியவர். அவர் நமக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தார்! (பலத்த சிரிப்பு)

பாவமாக இருந்தது குற்றமாக மாறிய இடம் அதுதான் நடுவர் அவர்களே. பாவம் என்றால் மனிதனுக்கும் கடவுளுக்கும் உள்ள கணக்கு. அங்கே மன்னிப்பு உண்டு. குற்றம் என்றால் போலீஸ் ஸ்டேஷன் கணக்கு. அங்கே மன்னிப்பு இல்லை, மாமூல்தான் உண்டு. (கைதட்டல்)

லண்டனில் இந்தக் குற்றத்துக்காகக் கடைசியாக இரண்டு பேரைத் தூக்கிலிட்டது 1835-ல். 1861-ல் அங்கே தூக்கை நிறுத்தி ஆயுள் தண்டனை ஆக்கினார்கள். 1860-ல் எழுதி முடித்த இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்தது. அதில் 377-ம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவு என்று சொல்லி ஆயுள் வரை தண்டனை வைத்தது. ‘இயற்கைக்கு மாறானது’ என்பது வேதபண்டிதர்கள் நூற்றாண்டுக் கணக்கில் பேசிவந்த வார்த்தை. சபையில் பேசிய வார்த்தை, லத்திக்கம்பில் வந்து உட்கார்ந்தது.

சரி, அனுப்பி வைத்தவன் என்ன செய்தான்? 1957-ல் வுல்ஃபெண்டன் குழு, வயது வந்த இருவர் தங்கள் சம்மதத்தோடு தனிமையில் இருப்பதில் சட்டத்துக்கு வேலை இல்லை என்று அறிக்கை கொடுத்தது. காண்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே அதை ஆதரித்தார். அவர் அதைச் சரி என்று சொல்லவில்லை, பாவம்தான் என்றார். ஆனால் எல்லாப் பாவத்தையும் குற்றமாக்க முடியாது என்றார். 1967-ல் இங்கிலாந்து தன் சட்டத்தை மாற்றியது. நாம் வெள்ளைக்காரனை 1947-ல் அனுப்பினோம். அவன் சட்டத்தை 2018 வரை வைத்துப் பூசை பண்ணினோம்!

நம் நாட்டில் 1994-லேயே டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. 2001-ல் நாஸ் பவுண்டேஷன் வழக்குப் போட்டது. 2009 ஜூலை 2-ல் டெல்லி உயர் நீதிமன்றம், சம்மதத்தோடு இருக்கும் வயது வந்தவர்களுக்கு 377 பொருந்தாது என்றது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸ், உத்கல் கிறிஸ்டியன் கவுன்சில் என்ற கிறிஸ்தவ அமைப்புகளும் இருந்தன. மற்ற மதத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரை எதிர்க்க வேண்டும் என்றால் மத ஒற்றுமை எவ்வளவு சீக்கிரம் வருகிறது பாருங்கள்! (சிரிப்பு) 2013 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் 377-ஐத் திரும்பவும் நிலைநாட்டியது.

அந்தச் சமயத்தில், மும்பை பேராயராக இருந்த கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ் ஒரு கருத்துச் சொன்னார். ஒரே பாலினத்தார் திருமணத்தைக் கத்தோலிக்க சபை ஏற்காது, ஆனால் அவர்களை சபை குற்றவாளிகளாகக் கருதியதில்லை என்றார். 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸும், பாவம் வேறு குற்றம் வேறு, பிரித்துப் பாருங்கள் என்றார். கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1992-லேயே அந்தச் செயலை ஏற்கவில்லை. அந்த மனிதரை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்கச் சொன்னது. 1998-ல் ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய லாம்பெத் மாநாடு, இந்த உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டது. அதே தீர்மானத்தில், அவர்கள் அனுபவத்தைக் காது கொடுத்துக் கேட்போம் என்றும் எழுதியது. ஏற்காதவர்களே இப்படி எழுதியிருக்கிறார்கள் நடுவர் அவர்களே. முழுதாக ஏற்றுக்கொண்ட சபைகளும் உலகத்தில் உண்டு.

2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், சம்மதத்தோடு கூடிய உறவு குற்றமல்ல என்று ஒருமனதாகத் தீர்த்தார்கள். 2023 அக்டோபர் 17-ல் திருமண உரிமை கேட்டபோது அதே நீதிமன்றம் கொடுக்கவில்லை. ஆக, வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நீதிமன்றத்திலும் நடக்கிறது, நம்ம வீட்டுக் கூடத்திலும் நடக்கிறது.

வீட்டுக் கூடம் என்று ஏன் சொல்கிறேன்? மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பெற்றவர்களுக்குப் பயந்து சென்னைக்கு ஓடிப்போய் உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் என்ன செய்தார் தெரியுமா? தனக்கே இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று திறந்து சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். இவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுத வேண்டியவர் முதலில் காது கொடுத்தார். நாம ஒரு வார்த்தை கேட்காமலே தீர்ப்பு எழுதுறோம். (கைதட்டல்)

எதிரணி ஐயாவின் கடைசி ஆயுதம் எனக்குத் தெரியும். “விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு மன்னித்தார், சரி. இனிமேல் பாவம் செய்யாதே என்றும் சொன்னாரே?” சொன்னார் ஐயா. மறுக்கவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். சுற்றி நின்றவர்கள் கையில் இருந்த கல்லை முதலில் கீழே போட வைத்தார். அவர்கள் எல்லாம் போன பிறகு, அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொன்னார். கல்லை ஓங்கிக்கொண்டே புத்தி சொல்லவில்லை. தலைப்பே அதுதானே, முன்னே நிற்க வேண்டியது எது? அவர் முன்னே நிறுத்தியது கருணை!

உபாகமம் 23, விரையடிக்கப்பட்டவன் சபைக்குள் வரக் கூடாது என்றது. ஏசாயா 56, கடவுளின் வீட்டில் அவனுக்கு இடமும் பெயரும் உண்டு என்றது. அப்போஸ்தலர் 8-ல், எத்தியோப்பியாவிலிருந்து வந்த அப்படிப்பட்ட ஒருவர், வழியில் தண்ணீரைக் கண்டு, எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்ன தடை என்று கேட்கிறார். பிலிப்பு தடை சொல்லவில்லை, தண்ணீரில் இறங்கினார். வேதம் தனக்குள்ளேயே கதவைத் திறந்துகொண்டு போகிறது நடுவர் அவர்களே.

ஆலங்குளத்துத் தாய்மார்களே, உங்கள் கருத்தை இன்று ராத்திரியே மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. பாவம் என்று நினைக்கிறவர்கள் ஜெபம் பண்ணுங்கள். இல்லை என்கிறவர்கள் வாதம் பண்ணுங்கள். ஆனால் ஒரு நாள் உங்கள் பிள்ளை வாசலில் வந்து நின்று, “அம்மா, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்”னு ஆரம்பிச்சா, கதவைச் சாத்திடாதீங்க. வசனத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அது எங்கேயும் ஓடிப்போகாது, பிள்ளைதான் ஓடிப்போகும்.

எனவே, முன்னே நிற்க வேண்டியது கருணையே, கருணையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)