பாதை பிரியும் இடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கடந்து மேலே போனால் சேர்வராயன் கோயில். மே மாதத் திருவிழாவுக்கு மலையூர்களிலிருந்து மக்கள் அங்கே திரள்கிறார்கள். சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாக அமைந்த ஊர்கள் அவை.

திருவிழாச் செய்தியை இவ்வூர்களுக்கெல்லாம் ஒரே ஆள் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பி, மறுபடி அடுத்த ஊருக்குப் புறப்பட்டால் கடைசி ஊருக்குச் செய்தி சேர்வதற்குள் விழாவே முடிந்துவிடும். மலையதிரப் பறை கொட்டினாலோ, சம்பந்தமில்லாதவர் காதிலும் விழும். மூன்றாவது வழியும் உண்டு. செய்தி ஒன்றாகவே போகட்டும். பாதை பிரியும் இடத்தில் மட்டும் இரண்டாகட்டும். கேட்க விரும்பாத ஊரின் பாதையில் அது போகவே வேண்டாம்.

கணினி வலைப்பின்னலில் இந்த மூன்றாவது வழிக்கு மல்ட்டிகாஸ்ட் என்று பெயர். இதற்கு உருவம் கொடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீவ் டீரிங். 1989-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1112 என்ற அவருடைய ஆவணம், குழுவுக்கென்றே தனி முகவரிகளை வரையறுத்தது. அனுப்புபவருக்குக் கேட்பவர் யார், எத்தனை பேர் என்று தெரியவேண்டியதில்லை. கேட்க விரும்புபவர் தம் அருகிலுள்ள திசைவியிடம் சொன்னால் போதும். தொடக்ககால நெறிமுறையான டி.வி.எம்.ஆர்.பி. முதலில் எல்லாத் திசையிலும் அனுப்பிவிட்டு, வேண்டாத கிளைகளைப் பிறகு கழித்தது. பின்னர் வந்த பிம் நெறிமுறையின் ஒரு வகை, கேட்டவருக்கு மட்டுமே கிளை விட்டது.

1992 மார்ச்சில் சான் டியேகோவில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் ஒலி, சோதனையாக இவ்வழியில் பல இடங்களுக்குச் சென்றது. எம்போன் என்ற வலைப்பின்னல் அதிலிருந்து வளர்ந்தது. எளிய கணினி வைத்திருக்கும் எவரும் உலகத்தோடு பேசலாம் என்ற கனவு அதில் இருந்தது.

பொது இணையத்தில் அக்கனவு பலிக்கவில்லை. வழியிலுள்ள திசைவிகள் ஒவ்வொரு குழுவையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். யாரிடம் கட்டணம் வாங்குவது என்பதும் தெளிவாகவில்லை. எனவே ஒவ்வொருவருக்கும் தனிப்பிரதி அனுப்பும் முறையே நிலைத்தது. பலரிடம் பேச வேண்டுமானால் உலகெங்கும் வழங்கிகள் வைத்திருப்பவரின் தயவு வேண்டும் என்றாயிற்று.

இது பொறியாளர்களின் கவலை மட்டுமா? நம் நாட்டிலேயே ஒரு பதில் இருக்கிறது. தேசியப் பங்குச் சந்தை 2010-இல் தன் கணினிக் கூடத்திலேயே தரகர்கள் தம் வழங்கிகளை வைத்துக்கொள்ள இடமளித்தது. ஒவ்வொரு ஆணையின் விவரமும் அவர்களுக்கு உடனுக்குடன் போனது. ஆனால் அது டி.சி.பி. நெறிமுறையில் போனது. டி.சி.பி. என்பது இருவருக்கு இடையேயான உரையாடல். ஆகவே ஒருவருக்குப் பின் ஒருவராகத்தான் சொல்ல முடியும். முதலில் இணைந்தவருக்கு முதலில் கிடைத்தது. நொடியின் சிறு துளியே அவ்வித்தியாசம். அவ்வணிகத்தில் அத்துளிக்கே விலை. பின்னர்தான் சந்தை மல்ட்டிகாஸ்டுக்கு மாறியது.

2019 ஏப்ரலில் செபி, சந்தை 624.89 கோடி ரூபாயை வட்டியோடு செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. மோசடி நிரூபணமாகவில்லை, உரிய கவனம் இல்லை என்பது அதன் முடிவு. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தொகையை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக 100 கோடி செலுத்தச் சொன்னது.

வழக்கின் நியாயங்களைச் சட்டம் அறிந்தவர்கள் பேசட்டும். எனக்கு இதில் படுவது வேறு. வரிசையில் யாரை முதலில் நிறுத்துவது என்ற கேள்வி, ஒரு நெறிமுறையைத் தேர்ந்த கணத்திலேயே முடிவாகிவிட்டது. மல்ட்டிகாஸ்ட் முழுச் சமத்துவம் தந்துவிடாது. கம்பியின் நீளமும் கருவியின் வேகமும் அங்கும் உண்டு. வழியில் தொலைந்த செய்தியைத் தேடிப் பெறவும் வேண்டும். ஆனால் முந்தி வந்து கதவருகே நின்றவனுக்கு முதல் செய்தி என்ற சலுகையை அது எடுத்துவிடுகிறது.

கோயிலிலிருந்து இறங்கும்போது ஒரு பாதை பிரிகிறது. அங்கே நின்று சொல்பவனுக்கு இரு பக்கமும் ஒரே தூரம்.